ஏரிக்கரையில் ஒரு கலெக்டர்: லயனல் பிளேஸ் துரையும் நம்ம ஊர்க் கிணறுகளும்

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலைப் பற்றிக் கேள்விப்படாத செங்கல்பட்டுக்காரர் இருக்க முடியாது. கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் கதையும் தெரிந்திருக்கும். வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரை உடைந்துகொண்டே இருந்ததாம். வெள்ளைக்கார கலெக்டர் துரை பார்வையிட வந்தாராம். தாயார் சந்நிதி இடிந்து கிடக்கிறது, கட்டித் தர வேண்டும் என்று அர்ச்சகர்கள் விண்ணப்பித்தார்களாம். உங்கள் சாமி இந்த வருஷம் கரையைக் காப்பாற்றட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று துரை கிண்டலாகச் சொன்னாராம். அடுத்து வந்த அடைமழை ராத்திரியில், உடையப்போகும் கரையைப் பார்க்கப் போனவர் கண்ணில் வில்லும் அம்புமாக இரண்டு வீரர்கள் காவல் நிற்பது பட்டதாம். கரை உடையவில்லை. சந்நிதி எழும்பிற்று. ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் அந்தத் துரையின் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. கல்லில் இருக்கும் பெயருக்குரியவர் மட்டும் நிஜமானவர். லயனல் பிளேஸ் என்பது அவர் பெயர். ஊரில் கர்னல் பிளேஸ் என்று சொல்வாங்க. ஆனால் அவர் பட்டாளத்துக்காரர் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தர். 1794 முதல் 1798 வரை நம்ம ஜில்லாவுக்குக் கலெக்டர்.

நாலே வருஷம் இருந்துவிட்டுப் போன ஒரு துரைக்கு நமது சங்க மலரில் ஏன் இத்தனை பக்கம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைக்குத் தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் வரை, கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை, வீடு கட்டுகிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: போர் எத்தனை அடி, தண்ணி நல்ல தண்ணியா? அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, பிளேஸ் துரை விட்டுப்போன அறிக்கைக்குள் கிடக்கிறது.

பாழான ஜாகிர்

அப்போது செங்கல்பட்டு ஜில்லா என்ற பெயர் புழக்கத்தில் இல்லை. ஜாகிர் என்பார்கள். ஆற்காடு நவாப் முகமது அலி, தனக்குக் கம்பெனி செய்த உதவிக்கு ஈடாக 1763-ல் கொடுத்த சீமை இது. கொடுத்த கையோடு நவாபே குத்தகைக்கும் எடுத்துக்கொண்டார். குத்தகைக்காரருக்கு வசூலில் இருந்த அக்கறை ஏரிக்கரையில் இருக்கவில்லை.

அதற்கு மேல் ஒரு பெரிய இடி 1780-ல் விழுந்தது. ஹைதர் அலியின் படை உள்ளே வந்தது. அந்த செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கிப்போனது. படை போன வழியெல்லாம் ஊர்கள் காலியாயின. பஞ்சமும் கூடவே வந்தது. ஆள் இல்லாத ஊரில் கரைக்கு மண் போடுவது யார்? மதகை மூடுவது யார்? ஒரு மழைக்காலத்தில் உடைந்த கரை அடுத்த மழைக்காலத்தில் இன்னும் அகலமாக உடையும். மூன்றாவது வருஷம் அது ஏரியே இல்லை, மேய்ச்சல் தரை.

பிளேஸ் பொறுப்பேற்றபோது அவர் கைக்கு வந்தது இப்படிப்பட்ட சீமைதான். மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழிதான் அக்காலத்தில் கலெக்டரின் தலைமையிடம். அங்கிருந்து பார்த்தால் பெரிய ஏரிகளும் உடைந்த கரைகளும் தூரத்தில் இல்லை.

கணக்கு கேட்ட துரை

வருமானம் ஏற வேண்டும் என்பதுதான் மேலிடத்து உத்தரவு. பிளேஸும் அதற்காக வந்தவர்தான், தர்மம் செய்ய வரவில்லை. ஆனால் வரியை ஏற்றுவதற்கு முன்னால், இந்தச் சீமை முன்பு எப்படி விளைந்தது என்று அவர் விசாரித்தார். அவருக்கு முன்பே, 1767-க்கும் 1774-க்கும் நடுவில், தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஜாகிரின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்திருந்தார். பிளேஸ் கணக்குப்பிள்ளைகளையும் மிராசுதாரர்களையும் கூப்பிட்டு ஊர் ஊராகக் கேட்டார்.

கேட்டதில் தெரிந்தது இதுதான். களத்தில் நெல் அளக்கும்போது சர்க்கார் பங்கும் குடிபங்கும் பிரிப்பதற்கு முன்பே, பல பேருக்குப் படி அளந்து வைக்கப்படும். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, நீர்க்கட்டிக்கு, ஏரி மராமத்துக்கு என்று பங்கு உண்டு. அதாவது ஏரிக்கரைக்கு ஒரு வருமானம் இருந்தது. யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல், விளைச்சலோடு கூடவே வந்து சேருகிற வருமானம்.

இது பிளேஸ் காலத்துப் புதுமை இல்லை. நம்ம பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியங்களைச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரிக்கென்று தனிக் குழு, தனிப் பொறுப்பு.

பிளேஸ் இந்தப் பழைய ஏற்பாட்டை மீட்டெடுக்க முனைந்தார். ஏரிகளைப் பழுது பார்க்கக் கம்பெனியின் பணத்தைச் செலவழித்தார். ஊர்க்காவல் ஏற்பாட்டைத் திருத்தினார். காஞ்சிபுரம் கோயில் நிர்வாகத்திலும் உற்சவங்களிலும் அக்கறை காட்டினார். கோயில் நடந்தால் ஊர் நடக்கும், ஊர் நடந்தால் ஏரி நிற்கும், ஏரி நின்றால் வரி வரும் என்று அவர் போட்ட கணக்கு மோசமான கணக்கு இல்லை. தான் தெரிந்துகொண்டதையெல்லாம் 1799 ஜூனில் நீண்ட அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். 1812-ல் பிரிட்டிஷ் பார்லிமென்டில் வைக்கப்பட்ட புகழ்பெற்ற ஐந்தாம் அறிக்கையின் இணைப்பில் அதன் பகுதிகள் அச்சேறின. தொண்டை மண்டலத்து ஊர் அமைப்பைப் படிக்கிற வரலாற்று மாணவர் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

மறுபக்கம்

நல்லதை மட்டும் சொன்னால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. பிளேஸ் கறாரான மனிதர். அவர் போட்ட குத்தகைத் தொகைக்கு ஒத்துக்கொள்ளாத மிராசுதாரர்கள் கூட்டம் கூடினார்கள், சிலர் ஊரை விட்டே வெளியேறினார்கள். அவர் மசியவில்லை. மறுத்தவர்களை ஒதுக்கிவிட்டு வேறு ஆட்களிடம் நிலத்தை ஒப்படைத்தார்.

இன்னொன்றும் உண்டு. அவர் பேசியதெல்லாம் பங்குரிமை உள்ள மிராசுதாரர்களிடமும் கணக்கு எழுதுபவர்களிடமும்தான். கரைக்கு மண் சுமந்த கைகள் வேறு. சேற்றில் இறங்கி மதகைத் திறந்து மூடியவர்களும், உடைப்பு ஏற்பட்ட ராத்திரியில் முதலில் ஓடியவர்களும் பெரும்பாலும் சேரியில் வாழ்ந்த பண்ணையாட்கள். அவர்களுக்கு அந்த நிலத்திலோ நீரிலோ உரிமை இல்லை. இந்த அநீதியை ஒரு கலெக்டர் அரசாங்கக் காகிதத்தில் விரிவாக எழுத, இன்னும் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய குறிப்பும், 1892-ல் அதையொட்டி வந்த அரசாணையும்தான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. ஏரியின் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

பிளேஸ் போன பிறகு

அவர் 1798-ல் பதவியை விட்டுப் போனார். 1802-ல் ஜாகிருக்கு நிரந்தர ஜமீன் முறை வந்தது. ஊர்களை மிட்டா மிட்டாவாக ஏலம் போட்டார்கள். அது சரிப்படவில்லை. பிறகு ரயத்துவாரி வந்தது. ஒவ்வொரு குடியும் தன் நிலத்துக்குத் தனியாக சர்க்காருக்கு வரி கட்ட வேண்டும். களத்திலேயே ஏரிக்கு என்று எடுத்து வைத்த பங்கு மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. வரி முழுக்க கஜானாவுக்குப் போனது; கரை மட்டும் ஊரிலேயே நின்றது.

கரை உடைந்தால்? அதற்கு 1858-ல் ஒரு சட்டம் போட்டார்கள். உடைப்பை அடைக்க ஊர்க்காரர்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது கட்டாய உழைப்புச் சட்டம். பங்கை எடுத்துக்கொண்டு பாரத்தை மட்டும் விட்டுவைத்த கதை. 1883-ல் ஏரி மராமத்துத் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. நம் காலத்தில் 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரையே மீட்டெடுத்து, தாம்பரத்துக்கு அருகிலுள்ள மணிமங்கலம் ஏரியில் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் திரும்பி வந்தது நல்லது. ஆனால் பங்கு திரும்பி வந்ததா என்பதுதான் கேள்வி.

ஏரிக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இடத்தில் விஞ்ஞானம் படித்த நம் தம்பி தங்கைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். பிளேஸ் ஏரியைப் பாசனக் கண்ணோடுதான் பார்த்தார். தண்ணீர் மண்ணுக்குள் எப்படி ஓடுகிறது என்பதற்கு பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி விதி எழுதியதே 1856-ல்தான். கிணற்றில் நீர் இறைத்தால் சுற்றிலும் மட்டம் எப்படி இறங்கும் என்று அமெரிக்கர் தைஸ் கணக்குப் போட்டது 1935-ல். இன்று உலகமெங்கும் புழங்கும் மாட்ஃப்ளோ என்ற கணினி மாதிரி 1984-ல் வந்தது.

மாதிரி என்றால் பயப்பட வேண்டாம். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு குடும்பம் மாதிரி: வரவு, செலவு, கையிருப்பு. மழை வரவு. ஆவியாவதும் ஓடிப்போவதும் போரில் இறைப்பதும் செலவு. பக்கத்துக் கட்டத்தோடு கொடுக்கல் வாங்கல் டார்சி விதிப்படி. கணினி சொல்லும் நீர்மட்டமும் கிணற்றில் அளந்த மட்டமும் ஒத்துப்போகும் வரை எண்களைச் சரிசெய்கிறார்கள். ஒத்துப்போன பிறகுதான் கேள்வி கேட்கலாம்: இந்த வயலெல்லாம் மனையாகிவிட்டால் என்ன ஆகும்? இந்த ஏரியைத் தூர்த்துவிட்டால் என்ன ஆகும்?

நம்ம ஜில்லாவுக்குச் சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-ல் வகுத்த விதிமுறைப்படி, கிழக்குக் கடற்கரை வண்டல், மணல் பகுதியில் பெய்யும் மழையில் 16 சதவீதம் கீழே இறங்கும். நம்ம பல்லாவரம் கல் என்கிறோமே, அந்தச் சார்னோகைட் வகைப் பாறைப் பகுதியில் வெறும் 5 சதவீதம். வருஷ மழை 1200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு கிரவுண்டு மணல் தரை வருஷத்துக்குச் சுமார் 43 ஆயிரம் லிட்டரைக் குடிக்கும். வண்டலூர், செங்கல்பட்டுப் பக்கத்துப் பாறை மனை ஒரு கிரவுண்டு சுமார் 13 ஆயிரம் லிட்டர்தான் குடிக்கும். அதே மனையைச் சிமென்ட்டால் மூடிவிட்டால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய பூஜ்யம். 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக் குழி ஒழுங்காக வேலை செய்தால்தான் அந்தப் பூஜ்யம் மாறும்.

பாறைப் பகுதியில் மழை தானாக இறங்குவது குறைவு என்பதால்தான் நம் முன்னோர் அதை நிறுத்தி வைத்து இறக்கினார்கள். அதே விதிமுறை, ஏரி குளங்களின் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 1.4 மி.மீ. கசிவு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கேட்டால் அற்பமாகத் தோன்றும். 250 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஏரிக்கு அது தினம் 14 லட்சம் லிட்டர். நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று நகரக் கணக்குப் போட்டால் பத்தாயிரம் பேருக்கான தண்ணீர். நூறு நாள் நின்றால் 14 கோடி லிட்டர். மோட்டார் இல்லை, கரண்டு பில் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத் துறை ஏரிகள் மட்டும் 500-க்கு மேல் இருக்கின்றன. ஊராட்சி ஏரிகள், குட்டைகள், கோயில் குளங்கள் தனி.

இந்த ஏரிகள் தனித்தனியானவை அல்ல, சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு. கொளவாய் ஏரி நிரம்பினால் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றுக்கு. தையூர் ஏரிப் பக்கத்துத் தண்ணீர் கோவளம் கழிமுகத்துக்கு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், அதாவது ஒரு வரத்துக்கால் மேல் பிளாட் போட்டுவிட்டால், ஒரே தண்ணீர் இரண்டு விதமாக வந்து அடிக்கும். மழைக்காலத்தில் வெள்ளமாக, கோடையில் பஞ்சமாக. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. நாலு வருஷம் கழித்து, 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு குணங்கள்.

கடலோரத்துக் கடன்

மாமல்லபுரம் கடற்கரைக்கு இன்னொரு ஆபத்து. மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது அறிஞர்கள் கைபென், ஹெர்ஸ்பெர்க் கண்ட கணக்கு. திருப்பிப் படித்துப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒவ்வொரு ரிசார்ட்டும் ஒவ்வொரு பண்ணை வீடும் லாரித் தண்ணீர்க்காரரும் இறைக்கும்போது அந்த ஒரு அடியில்தான் கை வைக்கிறார்கள்.

நெம்மேலியில் 2013-ல் தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும், 2024-ல் அதன் பக்கத்தில் தினம் 15 கோடி லிட்டருக்கான ஆலையும் வந்தன. மாநகரத்துக்கு அவை தேவைதான். ஆனால் ஆலைத் தண்ணீர் குழாயில் போய்விடும், கிணற்றில் ஏறாது. கிணற்றுக்கு மேற்கேயிருந்து வருகிற ஏரித் தண்ணீரும் மேலேயிருந்து வருகிற மழையும்தான் கதி.

துரை விட்டுப்போன கேள்வி

பிளேஸின் நாலு வருஷத்திலிருந்து நமக்குக் கிடைப்பது, ஏரியைக் கட்டுவது எப்படி என்பது அல்ல. அது அவருக்கு முன்பே இங்கே தெரிந்திருந்தது. ஏரிக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று அவர் கேட்டார். அதுதான் முக்கியம். அன்று ஆயக்கட்டு விவசாயி போட்டார். கரை பலமாக இருந்தால் அவர் வயல் விளையும் என்பதால் போட்டார். இன்று ஆயக்கட்டு வயல் அடுக்குமாடியாகிவிட்டது. அந்த அடுக்குமாடியின் போரும் அதே ஏரியைத்தான் குடிக்கிறது. ஆனால் அங்கே குடியிருப்பவருக்கு ஏரியின் பெயர்கூடத் தெரியாது. நீர் போகிற வழியும் உரிமை போகிற வழியும் பிரிந்துவிட்டன. 1987-ல் சென்னைப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், 2007-ல் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றும் சட்டம் என்று சட்டங்கள் இருக்கின்றன. சட்டம் வேலியாகலாம், சோறாகாது. எந்தக் கணினி மாதிரியிலும் மழைக்கு ஒரு வரி, ஆவியாதலுக்கு ஒரு வரி இருக்கிறது. மராமத்துக்கு ஒரு வரி நாம்தான் சேர்க்க வேண்டும். தூர்ந்துபோன ஏரிக்குக் கசிவு எண் போட்டால் கணக்கு மட்டும் நிரம்பும், கிணறு நிரம்பாது.

ஆகவே நண்பர்களே, ஒரு யோசனை. நம் பழைய மாணவர்களில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறார்கள், மனை வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். தாங்கள் குடியிருக்கும் வீட்டுத் தண்ணீர் எந்த ஏரிச் சங்கிலியைச் சேர்ந்தது என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளட்டும். இன்று படிக்கும் தம்பி தங்கைகள், தங்கள் தெருவில் ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், கயிறு விட்டு ஆழத்தை அளந்து நோட்டில் எழுதட்டும். செலவு ஒரு கயிறும் ஒரு கல்லும்தான். பத்து பேர் மூன்று வருஷம் எழுதினால் ஒரு மாதிரியைச் சரிபார்க்கிற அளவுக்குத் தகவல் சேர்ந்துவிடும். நம் சங்கம் அந்த நோட்டுகளைப் பாதுகாத்து, ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் வருஷா வருஷம் பிரதி கொடுக்கலாம். கூடவே குடியிருப்போர் நலச் சங்கங்களின் சந்தாவில் ஒரு சிறு பங்கை ஏரிக்கென்று எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

களத்தில் படி அளந்த காலம் போய்விட்டது. அளக்கிற பழக்கம் போக வேண்டியதில்லை. அடுத்த சந்திப்பு மலரில் வாழ்த்துப் பாக்களோடு ஒரு பக்கமாவது நம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டப் பட்டியலாக இருக்கட்டும்.